எடை இறங்கினால் போதுமா?

உடல் பருமனுக்கான எந்தச் சிகிச்சையையும் எடை பார்க்கும் எந்திரத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவது நமக்குப் பழகிவிட்டது. கொழுப்பு கரையும்போது எலும்பும் சேர்ந்து கரைவதை அந்த எந்திரம் காட்டாது. டெனிஸ் வில்லாரியல் குழுவினர் அமெரிக்காவில் பருமனான முதியோர் 107 பேரை ஓராண்டு கவனித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உணவைக் குறைத்தவர்களின் எடை 10% இறங்கியது. கூடவே இடுப்பெலும்பின் அடர்த்தியும் 2.6% போயிற்று. உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களின் எடை 9% இறங்கியது, எலும்பு இழப்போ 1.1% தான். வெறும் உடற்பயிற்சியால் எடை இறங்கவே இல்லை. பயிற்சியின் பலவீனத்தையும் பலத்தையும் ஒரே ஆய்வு இப்படிக் காட்டிவிட்டது: எடையைக் குறைக்க அது போதாது, எடை குறையும்போது எலும்பைக் காக்க அது வேண்டும்.

எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல. அதே குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், உணவைக் குறைத்துக்கொண்டு நடை போன்ற பயிற்சிகளை மட்டும் செய்தவர்கள் இடுப்பெலும்பில் ஏறக்குறைய 3% இழந்தார்கள். பளுப் பயிற்சி செய்தவர்கள் அரை சதவீதமே இழந்தார்கள். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் சுமையால் ஏற்படும் நெளிவை உணர்ந்து, எலும்பு வளர்வதைத் தடுக்கும் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தின் சுரப்பைக் குறைக்கின்றன. அந்த நெளிவு இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1% அளவில் தேய்கிறது. ஆஸ்திரேலியாவின் லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை அரைமணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் கனமான பளு தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9% கூடியது, வீட்டில் எளிய பயிற்சி செய்தவர்களுக்கு 1.2% குறைந்தது.

பருமனுக்கும் எலும்புக்கும் உதவும் என்று சொல்லப்படும், ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்கும் சிகிச்சையை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். 2007இல் ஜப்பானின் ஷிகேயோ ஓட்டா குழுவினர், இந்த வாயு எலிகளின் மூளைச் சேதத்தைக் குறைப்பதாகக் காட்டினார்கள். உடலுக்குத் தேவையான பிற வினைபுரி ஆக்சிஜன் மூலக்கூறுகளை விட்டுவிட்டு, மிகத் தீங்கான ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைத் தேர்ந்தெடுத்து அது அடக்குவதாக விளக்கமும் தந்தார்கள். பிறகு ஹைட்ரஜன் கரைந்த நீர் பருமனான சுண்டெலிகளின் கொழுப்பையும், சினைப்பை நீக்கிய எலிகளின் எலும்பு இழப்பையும் குறைத்ததாக ஆய்வுகள் வந்தன. மிகுகொழுப்பு உண்டாக்கும் அழற்சி எலும்பையும் அரிப்பதால், அழற்சியைத் தணிக்கும் வாயு இரண்டுக்கும் உதவும் என்பது அபத்தமான கற்பனை அல்ல. ஆனால் குடித்த நீரின் பலனைச் சுவாசித்த வாயுவின் கணக்கில் எழுத முடியாது. எலியின் எலும்பை வைத்து மனிதனின் இடுப்புக்கு உறுதி தரவும் முடியாது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பயிற்சியின்போது உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் முழுக்கத் தீங்கல்ல; தசை அதையே சமிக்ஞையாக எடுத்துக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது. மைக்கேல் ரிஸ்டோ குழுவினரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், நான்கு வாரம் பயிற்சியோடு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் சாப்பிட்ட இளைஞர்களுக்கு, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் உணர்திறன் முன்னேற்றம் கிடைக்கவில்லை. ஹைட்ரஜன் தேர்ந்தெடுத்தே வேலை செய்வதால் இந்த ஆபத்து இல்லை என்பார்கள். இருக்கலாம், அது சோதித்துச் சொல்ல வேண்டிய விஷயம். சோதிப்பதும் கடினமில்லை. நிறமும் மணமும் இல்லாத வாயு இது. ஒரு குழுவுக்கு அதையும் இன்னொரு குழுவுக்கு வெறும் காற்றையும் ஒரே மாதிரிக் கருவியில் கொடுத்து, இரு குழுக்களையும் ஒரே பயிற்சி செய்யவைத்தால் போதும். பயிற்சியையும் வாயுவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வந்த பலனை இரண்டுக்கும் சமமாகப் பங்கு போடுவது ஆய்வாகாது, விளம்பரமாகும். (காற்றில் 4% கலந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு இது என்பதை அந்த விளம்பரம் சொல்லுமா?)

முழங்கால் தேய்ந்து, மூச்சும் வாங்கும் பருமனான முதியவரைப் பளு தூக்கச் சொல்வது கொடுமை இல்லையா, படுத்தபடி சுவாசிக்கும் வாயுதானே அவருக்குப் பொருந்தும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் எலும்பை நெளியவைக்கும் சுமை எதையும் வாயு தருவதில்லை. படுத்தே இருந்தால் இருக்கும் எலும்பும் தேயும். வில்லாரியலின் ஆய்வுகளில் பயிற்சி செய்தவர்களே 65 வயதைத் தாண்டிய, உடல் தளர்ந்த பருமனானவர்கள்தாம். நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காருவதில் தொடங்கி, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகச் சுமையைக் கூட்ட வழி இருக்கிறது. வாயுக் கருவிக்குச் செலவிட இருக்கும் பணம் முதலில் அந்த மேற்பார்வைக்குப் போகட்டும்.