சொல் இல்லாத இடம்: 'ஃபயர்' திரைப்படம் குறித்து ஒரு மறுநோக்கு

தீபா மேத்தா எழுதி இயக்கிய 'ஃபயர்' திரைப்படம் 1996ஆம் ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இரு பெண்களுக்கு இடையிலான காதலை மையப்பொருளாகக் கொண்ட இந்தியப் படங்களைப் பற்றிய பேச்சு இன்றும் இப்படத்திலிருந்தே தொடங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் பலவும் மாறிவிட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், மனமொத்த வயதுவந்தோரின் தன்பாலுறவைக் குற்றமாகக் கருதும் நிலையை நீக்கியது. 'ஃபயர்' காட்டத் தயங்கியவற்றை எல்லாம் இன்றைய இணையத் தொடர்கள் தயக்கமின்றிக் காட்டுகின்றன. ஆகவே, அன்று துணிவு எனப் போற்றப்பட்டதும் தூற்றப்பட்டதும் இன்றைய பார்வையாளர்க்குத் துணிவாகத் தோன்றுவதில்லை. துணிவு தேய்ந்த பின்னும் ஒரு படைப்பு நிற்குமாயின் அதனை நிறுத்துவது வேறொன்றாக இருத்தல் வேண்டும். அது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

கதை எளியது. தில்லியில் ஒரு நடுத்தரக் கூட்டுக்குடும்பம். கீழே உணவுக்கடையும் ஒளிநாடா வாடகைக் கடையும், மேலே வீடு. மூத்தவன் அசோக், ஒரு சாமியாரின் போதனையில் மூழ்கி 13 ஆண்டுகளாக மனைவி ராதாவைத் தீண்டாதவன். தன் புலனடக்கத்தைச் சோதித்துக்கொள்ள மட்டும் அவளைத் தன்னருகே படுக்கச் சொல்பவன். இளையவன் ஜத்தினுக்கு வேறொரு பெண்ணோடு உறவு. குடும்பத்தின் வற்புறுத்தலால் சீதாவை மணந்துகொண்டவன். பேச்சிழந்த மாமியார் மணியடித்து ஆணையிடுகிறார். ராதாவாக ஷபானா ஆஸ்மியும் சீதாவாக நந்திதா தாஸும் நடித்துள்ளனர். ஓரகத்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர்; காட்டிக்கொடுக்கப்படுகின்றனர்; வீட்டை விட்டு வெளியேறுகின்றனர்.

இப்படத்தை மீண்டும் மீண்டும் காணும்போது மனத்தில் தங்குவது கைகளே. பிசையும் கைகள், பொரிக்கும் கைகள், முதியவரைக் குளிப்பாட்டித் துடைக்கும் கைகள். ஒருத்தி மற்றொருத்தியின் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறாள். நோன்பு நாளன்று சீதாவின் தாகம் ராதா தரும் தண்ணீரால் தணிகிறது. பூங்காவிற்குச் சென்ற குடும்பத்தார் அனைவரும் பார்த்திருக்க, சீதா ராதாவின் காலைப் பிடித்துவிடுகிறாள். அசோக் அதனைக் கண்டு மகிழ்கிறான். இத்தகைய நல்ல குடும்பம் தனக்கு வாய்த்ததே என்று பெருமிதம் கொள்கிறான். என் நோக்கில் படத்தின் உச்சக் காட்சி இதுவே. பலரும் பேசிய படுக்கையறைக் காட்சி அன்று. காதல் இங்கே ஒளிந்து நிகழவில்லை. குடும்பம் எதனைப் பணிவிடை என்று போற்றி வளர்த்ததோ, அந்தப் பணிவிடையின் வடிவிலேயே எல்லார் கண்முன்னும் நிகழ்கிறது. காண்போர்க்குத்தான் அது தெரியவில்லை. படத்தின் தொடக்கத்தில் கடுகு வயலில் அமர்ந்திருக்கும் தாய், கடலைக் கண்டிராத மலைவாழ் மக்களைப் பற்றிச் சிறுமி ராதாவிடம் சொல்லும் கதையும் காணுதல் பற்றியதே என்பது நோக்கத்தக்கது.

தமிழ்ப் பார்வையாளர்க்கு இன்னுமொரு நெருக்கம் உண்டு. ஏ. ஆர். ரகுமானின் இசையில், 'பம்பாய்' (1995) படத்தின் வழி நமக்கு நன்கு பழகிய அந்தக் குழலோசை இப்படத்திலும் ஒலிக்கிறது. மணமகனும் மணமகளும் மதம் கடந்து கலந்த கதைக்கு உரிய இசை என்றே நம் செவி அதனைப் பதிவுசெய்திருந்தது. 'ஃபயர்' அதனை இரு பெண்களுக்கு உரியதாக்கிய வேளையில், செவி சற்றே திகைத்துப் பின் ஏற்றுக்கொள்கிறது.

இனி, படத்தின் மையமான கூற்றுக்கு வருவோம். தாங்கள் இருவரும் என்னவாக இருக்கிறோம் என்பதைக் குறிக்கத் தங்கள் மொழியில் ஒரு சொல் இல்லை என்று ராதாவிடம் சீதா ஓரிடத்தில் கூறுகிறாள். அக்கூற்று ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளது. படம் முழுவதும் ஆங்கில உரையாடலே. தில்லி ஓரகத்திகள் சமையலறையில் பேசும் மொழியாக அது ஒருபோதும் ஒலிப்பதில்லை. இது படத்தின் பெருங்குறை என்று நான் பல ஆண்டுகள் கருதியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. தம் மொழியில் சொல் இல்லாதவர்கள் அந்த இன்மையைப் பிறிதொரு மொழியில்தான் சொல்ல நேர்ந்தது என்பதில் ஓர் உண்மையும் இருக்கிறது.

இக்கூற்றைக் கேட்கும் தமிழறிஞர்கள் பொதுவாக இருவகையில் விடை கூறுவர். சொல் இல்லை என்பதாலேயே இது நம் மரபிற்குப் புறம்பானது என்பது ஒன்று. எல்லாம் நம்மிடம் முன்னரே உண்டு, சங்க அகப்பாடல்களில் தலைவிக்கும் தோழிக்கும் உள்ள அன்பை உற்று நோக்குக என்பது மற்றொன்று. இரண்டாவது விடை பரிவோடு சொல்லப்படுவது. எனினும் என்னால் அதனை ஏற்க இயலவில்லை. தோழியின் அன்பு ஆழமானது. தலைவியின் துயரைத் தன் துயராகவே பேசுபவள் அவள். ஆயினும் அகமரபில் அவள் பேச்செல்லாம் தலைவனை நோக்கியே செல்கிறது. வாயில் மறுப்பதும் வரைவு கடாவுவதும் அறத்தொடு நிற்பதும் தலைவன் தலைவி கூட்டத்தின் பொருட்டே. தொல்காப்பியர் ஐந்திணைக்கு வெளியே கைக்கிளையும் பெருந்திணையும் வகுத்தார். அவையும் ஆண் பெண் உறவின் பொருந்தாமையைப் பேசுவனவே. தோழிக்கென ஒரு விருப்பம் இருந்ததா என்று மரபு வினவவில்லை. வினவாத மரபை விடை தந்த மரபாகக் காட்டுவது ஆய்வாகாது. மரபு தராத ஒன்றைப் படம் தந்தது என்று ஒப்புக்கொள்வதால் மரபின் பெருமை குறைந்துவிடப் போவதுமில்லை.

சொல் இல்லாத நிலை எப்படிப்பட்டது என்பதை நான் ஏட்டின் வழி அறிந்தவன் அல்லன். கோலா பிலா வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன். 1980களில் எங்கள் லயத்தின் கோடி வீட்டில் இரு பெண்கள் ஒன்றாக வாழ்ந்தனர். ஒருவர் கைம்பெண், மற்றவர் கணவனைப் பிரிந்து வந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு ஒன்றாகச் செல்வர். அடுத்தடுத்த நிரையில் பால்வெட்டுவர். ஒருவர் வெட்டி முடித்தால் மற்றவரின் நிரைக்குச் சென்று மங்கு துடைப்பார். மாலையில் அஞ்சடியில் அமர்ந்து ஒருவருக்கு ஒருவர் தலை வாரிவிடுவர். சிறுவர்களாகிய நாங்கள் ஒருவரைப் பெரியம்மா என்றும் மற்றவரைச் சின்னம்மா என்றும் அழைத்தோம். அக்கா தங்கச்சி என்றே தோட்டம் முழுவதும் சொல்லும். அவர்கள் உடன்பிறந்தோர் அல்லர், உறவினரும் அல்லர் என்பது எல்லார்க்கும் தெரியும்.

அவர்கள் 'ஃபயர்' காட்டும் பொருளில் காதலர்களா என்பதை நான் அறியேன். அறிந்ததுபோல் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் தீங்காகும். நான் சொல்ல விழைவது வேறு. மேற்படிப்பிற்காக வெளிநாடு சென்றிருந்தபோது நூலக அறை ஒன்றில் இப்படத்தை முதன்முதலாகக் கண்டேன். எண்ணெய் தேய்க்கும் காட்சியில் எனக்கு நினைவு வந்தது தில்லியன்று, அந்த அஞ்சடிதான். அசோக் காணாததை நானும் எத்தனை ஆண்டுகள் காணாதிருந்தேன் என்னும் ஐயம் அன்று எழுந்தது. இன்றுவரை அது தீரவில்லை.

இவ்விடத்தில் ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். படம் இந்தியாவில் வெளியான 1998ஆம் ஆண்டிலேயே மது கிஷ்வர் தாம் நடத்திய 'மானுஷி' இதழில் இதனைக் கடுமையாகச் சாடினார். இந்தியப் பெண்கள் தமக்குள் இயல்பாகக் கட்டியணைத்து, ஒரே பாயில் படுத்து, ஒருவர்க்கு ஒருவர் தலைவாரி வாழ்ந்த வெளி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சூட்டியதன் மூலம் படம் அவ்வெளியை ஐயத்திற்கு உள்ளாக்கிவிட்டது என்பது அவர் வாதத்தின் ஒரு கூறு. எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று இது. எங்கள் லயத்துப் பெரியம்மாவும் சின்னம்மாவும் நிம்மதியாக வாழ்ந்தது அப்பெயரின்மையின் நிழலில்தான். 'அக்கா தங்கச்சி' என்னும் சொல் அவர்களுக்குக் கூரையாக இருந்தது.

ஆனால் அக்கூரை எவ்வளவு மழை தாங்கும்? மூத்தவர் இறந்தபோது தூரத்து உறவினர் ஒருவர் வந்து கொள்ளி வைத்தார். இளையவர் அண்டை வீட்டாரோடு அண்டை வீட்டாராக நின்றிருந்தார். அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வீடு மூத்தவர் பெயரில் இருந்தது. தோட்டத்தில் வீடு என்பது வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. செக்ரோலில் இருவரும் இரு தனிப்பெயர்கள். அவற்றை இணைக்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை. சில வாரங்களில் இளையவர் ஒரு பெட்டியுடன் புறப்பட்டுச் சென்றார். எங்கு சென்றார் என்று என் தாயார்க்கும் சரியாகத் தெரியவில்லை. பெயரின்மை தரும் பாதுகாப்பு இருவரும் உயிரோடு இருக்கும்வரைதான். கிஷ்வரின் வாதம் இந்த இடத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

படத்தின் எதிர்ப்பாளர்கள் இன்னொரு வகையில் சொல்லின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தனர். தணிக்கைக் குழு படத்தில் எதனையும் வெட்டவில்லை. இந்தி வடிவில் சீதா என்னும் பெயரை மட்டும் நீத்தா என மாற்றச் செய்தது. உடல்களை விட்டுவிட்டுப் பெயரைத் தணிக்கை செய்த விந்தை இது. அதுவும் போதவில்லை. 1998 டிசம்பர் 2ஆம் நாள் மும்பையில் சிவசேனையினர் திரையரங்குகளைத் தாக்கினர். மறுநாள் தில்லி ரீகல் திரையரங்கம் தாக்கப்பட்டது. படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு 1999 பிப்ரவரியில் வெட்டின்றியே திரும்பி வந்தது. இதற்கிடையே ரீகல் முன்பு கூடிய பெண்களுள் சிலர், தாம் இந்தியரும் பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆவோம் என்று அறிவிக்கும் பதாகையை ஏந்தி நின்றனர். இயக்குநரோ, தம் படம் பெண்தன்பாலீர்ப்பு பற்றியதன்று, தெரிவு பற்றியது என்று நேர்காணல்களில் கூறிக்கொண்டிருந்தார். இயக்குநர் தயங்கிய சொல்லைப் பார்வையாளர் எடுத்துக்கொண்டனர். ஒரு படம் நிலைத்திருப்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுமோ?

இப்படத்திற்கு உந்துதலாக அமைந்தது எனக் குறிப்பிடப்படும் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' (1942) என்னும் உருதுச் சிறுகதையும் லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கைச் சந்தித்தது. சுக்தாய் தம் நினைவுக்குறிப்பில் எழுதுவதன்படி, ஆபாசமான சொல்லைச் சுட்டுமாறு கேட்கப்பட்ட சாட்சி, 'காதலர்' எனப் பொருள்படும் சொல்லையே சுட்டினாராம். வழக்கு நிற்கவில்லை.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெண்ணெழுத்து பற்றிய வகுப்பில் இப்படத்தின் கதையைச் சொன்னேன். திரையிடும் துணிவு எனக்கில்லை. அவ்வாறு சொல்லும்போது, செய்தித்தாள் வழக்கில் ஊறிய 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல்லைப் பயன்படுத்தினேன். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கி வந்து, "சார், நீங்க சொன்ன கதையில எண்ணெய் தேய்க்கிறாங்க, தண்ணி கொடுக்கிறாங்க. இதுல சேர்க்கை எங்க வருது?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. உறவை ஒரு செயலாகச் சுருக்கும் சொல் அது என்பதை அவரே எனக்குக் கற்பித்தார். 'தன்பாலீர்ப்பு' இன்று பரவலாகி வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு பெண்கள் தொடுத்த வழக்கில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசு மாண்புடைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அச்சொற்கள் அனைத்தும் நாவில் படியும் என்று சொல்வதற்கில்லை. சில மிகவும் செயற்கையானவை. எனினும், சொல் இல்லை என்று சீதா கூறிய இடம் முன்போல் வெறுமையாக இல்லை.

படத்தின் மீது எனக்குள்ள மனக்குறை வேறொன்று. அடுப்பின் தீ ராதாவின் சேலையைப் பற்றுகிறது. அசோக் தாயைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். தீயினின்று பிழைத்த ராதா மழையில் நிசாமுதீன் தர்காவில் சீதாவை அடைகிறாள். படம் அங்கே முடிகிறது. சீதையின் தீக்குளிப்பைத் திருப்பி எழுதும் குறியீடு என்று விமர்சகர்கள் இதனை விரிவாகப் பேசியுள்ளனர்; குறியீடு எனக்கும் விளங்குகிறது. ஆனால் மறுநாள் காலை இருவரும் எங்கே சமைப்பார்கள்? நெகிரி செம்பிலானில் வளர்ந்தோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. கோலா பிலாவிலும் அதனையடுத்த ஸ்ரீ மெனாந்தியிலும் மலாய்க் குடும்பங்களின் மரபு நிலம் 'அடாட் பெர்பாத்தே' என்னும் தாய்வழி மரபின்படி பெண்களுக்கே சேர்கிறது. வேலிக்கு இப்பால் தோட்டத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு லயத்து வீடும் நிலையன்று. யாரோடு வாழ்வது என்னும் தெரிவு, எந்தக் கூரையின் கீழ் என்னும் வினாவோடு பிணைந்தது. ரகுமானின் இசையும் மழையும் அதனை மூடிவிடுகின்றன.

எங்கள் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது, லயங்கள் இல்லை. அண்மையில் படத்தை மீண்டும் பார்த்தேன். தர்காவின் தூண்களுக்கிடையே இருவரும் நனைந்தபடி அமர்ந்திருக்கும் காட்சியில், அவர்களின் அணைப்புக்கும் முன்பாக என் கண் தேடியது அருகில் ஏதேனும் பெட்டி இருக்கிறதா என்பதையே.