தீவகத்துக் கோப்புகளும் கட்டளை வரியும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பாடசாலையோ, கோயிலோ, சனசமூக நிலையமோ, எங்கேயாவது பழைய கணினி ஒன்றைத் திறந்து பாருங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்புகள் குவிந்து கிடக்கும். நூற்றாண்டு மலர்க் கட்டுரைகள், கும்பாபிஷேக மலர், பரிசளிப்பு விழா அறிக்கை, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் என்று ஊரின் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் இணையத்தளம் 2005இல் தொடங்கியதிலிருந்து இவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் உண்டு. சேர்க்கத்தக்க வடிவில் ஆக்கி எடுப்பதுதான் பெரும்பாடு.

அதற்கு நான் வலியுறுத்தும் வழி, லிப்ரே ஆபிஸைச் சாளரம் திறக்காமலே கட்டளை வரியிலிருந்து இயக்குவது. ‘சொஃபிஸ்’ என்ற அதன் கட்டளைப் பெயரைச் சொல்லி அழைத்து, ‘ஹெட்லெஸ்’ என்று சேர்த்து, பிடிஎஃப் ஆக மாற்று என்று ஒரு வரி தட்டினால், கோப்புறையிலுள்ள அத்தனை கோப்புகளும் வரிசையாக மாறிவிடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இது வேலை செய்யும். ஒவ்வொன்றாகத் திறந்து, ஏற்றுமதி செய்து, மூடி, அடுத்ததைத் திறக்கும் கைவேலை மிச்சம்.

வேகத்தைப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளிந்திருக்கின்றன. புள்ளிக்கு அரைப்புள்ளியைத் தட்டுவோம். ஆகவே பாமினிக் கோப்பிலிருந்து செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழ், தேடலுக்குத் தமிழல்ல. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பன் ஊர்காவற்றுறையை அடுத்துத்தான் இருக்கிறது. அவரைப் பற்றி ஊரவர் ஒருவர் பாமினியில் எழுதிய நினைவுக் கட்டுரையில் ‘தனிநாயகம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அதை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். வெறும் எழுத்தாக உருவி மாற்றினால், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். எந்தச் சொல் பாமினி, எந்தச் சொல் ஆங்கிலம் என்பது அந்தக் கோப்பைத் திறக்கத் தெரிந்த மென்பொருளுக்கே தெரியும். அதனால்தான் லிப்ரே ஆபிஸையே அழைத்து, எழுத்துரு பார்த்து மாற்றும் மேக்ரோவை அதற்குள் ஓடவிட வேண்டியிருக்கிறது. கட்டளை வரியின் உண்மையான பலம் இங்கேதான்: முழு மென்பொருளின் அறிவும் ஒரு வரியில் கைக்கு வருகிறது.

இடத்தின் நிலைமையும் இதற்குச் சாதகம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே உள்ளவை. அங்கே காற்று, சூரிய ஒளி கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவுடன் 2022 மார்ச்சில்தான் உடன்படிக்கை எழுதினார்கள். கரண்ட் இடையில் போனால், செய்து முடித்தவற்றைப் பதிந்துவைக்கும் கட்டளைத் தொகுப்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். சுட்டியால் செய்தவர் எதுவரை செய்தோம் என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் ஊர்ப் பெடியன் உதவுவதானாலும், திரை முழுவதையும் படமாக அனுப்ப இணைப்பு திணறும் இடத்தில், ஒரு வரிக் கட்டளை எளிதில் போய்ச் சேரும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். அவை சிறியவை அல்ல.

முதலாவது, மௌனம். கணினியில் பாமினி நிறுவப்படவில்லை என்றால் லிப்ரே ஆபிஸ் வேறொரு எழுத்துருவைப் போட்டு, பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பிடிஎஃப் செய்து தரும். எச்சரிக்கை இல்லை. கட்டளை தட்டும் முனையம் மாற்றியாயிற்று என்றே சொல்லும். சாளரத்தில் திறந்திருந்தால் முதல் வரியிலேயே யாருக்கும் தெரிந்திருக்கும். ஒரே பெயரில் பழைய வகைக் கோப்பும் புதிய வகைக் கோப்பும் இருந்தால், இரண்டாவது பிடிஎஃப் முதலாவதைக் கேளாமலே அழித்துவிடும். லிப்ரே ஆபிஸ் ஏற்கெனவே வேறு வேலைக்குத் திறந்திருந்தால், பல பதிப்புகளில் கட்டளை எதையும் மாற்றாமலே முடிந்துபோகும். அதற்குத் தனிப் பயனர் கோப்புறை காட்டி இயக்க வேண்டும் என்பது அடிபட்டவர்களுக்கே தெரியும்.

இரண்டாவது குறை தமிழுக்கே உரியது. பெரும்பாலான முனையங்கள் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குகின்றன. ‘நெடுந்தீவு’ என்று பெயரிட்ட கோப்பில் ஒற்றைக்கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் விழும். அதையாவது பொறுக்கலாம். நயினாதீவு ஸ்ரீ நாகபூசணி அம்மன் கோயில் மலர் ஒன்றைக் கட்டளையில் பெயர் சொல்லித் தேடும்போது, ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பதில் வரக்கூடும், கோப்பு கண்முன் இருக்க. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம்: ஸகரத்தில் தொடங்கியும், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. சுட்டியால் சொடுக்குபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. தமிழ் எழுதுபவர்களை மனத்தில் வைத்து முனையங்கள் செய்யப்படவில்லை என்ற என் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் சாளரத்தையே கட்டளையால் இயக்கலாமே என்று தோன்றலாம். சாளரத்தைத் திறந்துவைத்து, சுட்டியையும் விசைகளையும் கட்டளையால் ஆட்டிவைக்கும் எக்ஸ்டூடூல் போன்ற கருவிகளும் உண்டு. இவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். இடையில் ஓர் அறிவிப்புப் பெட்டி எழும்பினால் விசைகள் எல்லாம் அதற்குள் போய்விடும். புதிய லினக்ஸ் கணினிகளின் வேலண்ட் என்ற திரைக்காட்சி முறை அத்தகைய கட்டுப்பாட்டைப் பெருமளவு மறித்தும் விட்டது.

கட்டளை வரியின் மூன்றாவது குறை, ஆட்கள் போய்விடுவது. தீவகம் ஆளில்லாமல் போன கதையை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. கட்டளைத் தொகுப்பை எழுதியவர் வெளிநாடு போனதும், இருப்பவர் அதைத் தொடப் பயப்படுவார். சுட்டி வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தே பழகலாம். கட்டளையைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆனால் சுட்டி வேலை ஆளோடு போய்விடும், கட்டளை கோப்பாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று தமிழில் குறிப்பு எழுதிவைத்தால் இந்தக் குறை பாதி தீரும்.

எனவே என் முடிவு இது. இந்த ஆவண வேலைக்குக் கட்டளை வரியே ஏற்றது. ஆனால் கண்காணிக்க ஆளில்லாமல் அதை ஓடவிடக்கூடாது. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுங்கள். கோப்புப் பெயர்களை எண்ணாலும் ஆங்கில எழுத்தாலும் வைத்து, தமிழ்த் தலைப்பைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள். மாற்றிய பின் ‘பிடிஎஃப்ஃபொன்ட்ஸ்’ என்ற சிறு கட்டளையால் ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் எந்த எழுத்துரு இருக்கிறது என்று பாருங்கள். யூனிகோடுக்கு மாற்றாத கோப்பில், பாமினி இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தால் உடனே பிடிபடும். அதன்பிறகு, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பக்கத்தையாவது திறந்து வாசிக்கட்டும். அது முடியும்வரை பழைய கணினியின் வட்டை அழிக்காதீர்கள்.