சாந்துக் கையும் தேயிலைக் கறையும்

சமூகக் குறையைச் சிற்பத்திற் காட்டப் புகுவோர் பலரும் முதலில் நாடுவது கையின் உருவத்தையே. ஏந்திய கை, விலங்கிட்ட கை, உயர்த்திய முட்டி என்பன எந்நாட்டுக் கண்காட்சியிலும் காணப்படுவன. இவை எளிதிற் பொருள் தருவன. அதனாலேயே எளிதில் மறக்கப்படுவனவுமாம். மலையகத் தோட்ட வாழ்வைப் பரிசுச் சாந்திற் கையாக வார்க்கும் முயற்சியின் குணமும் குறையும் யாவை என ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குவாம். ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை செல்சியசிற் சூடாக்க, அதன்கண் உள்ள நீரின் பெரும்பகுதி நீங்கிப் பரிசுச் சாந்து கிடைக்கின்றது. மீண்டும் நீர் சேர்ந்து இறுகுங்கால் அது சற்றே விரியும். ஆதலின் அச்சின் நுண்ணிய கீறல்களினுள்ளும் புகுந்து, தோலின் இரேகையையும் வெடிப்பையும் விடாது பற்றும். அவ்வேளை வெப்பமும் உண்டாதலால், கையை நேரே சாந்தினுள் வைத்தல் தீப்புண்ணுக்கு இடமாகும். அல்ஜினேற் பசையில் அச்செடுத்து வார்த்தலே முறை.

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவியொருத்தி, ஏந்திய கையொன்றைச் செய்து என்னிடம் காட்டினாள். "இது யாருடைய கை?" என்றேன். "யாருடையதும் இல்லை, சேர். பொதுவான கை" என்றாள். குறை அவ்விடையிலேயே இருந்தது. கொழுந்து பறிக்கும் கை இரக்கும் கையன்று. நாட்டுக்கு ஈட்டிக் கொடுத்த கை. அதனை இரப்பதாகக் காட்டுதல், கடன் கொடுத்தவனைக் கடனாளியாக்குதல் போலாம்.

பின்னர் அவள் தன் தாயின் கையை அச்செடுத்து வார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுதற்கு வளைந்தபடி நின்றன. விரலோர வெடிப்புகள் அனைத்தும் விழுந்திருந்தன. தாய் அதனை நெடுநேரம் நோக்கி, "கை ஏங்கைதான், சேர். கறையத்தான் காணோம்" என்றாள்.

இதனினும் சிறந்த விமரிசனத்தை யான் கேட்டதில்லை. சாந்து வடிவைப் பற்றும், நிறத்தைப் பற்றாது. தேயிலைப் பால் ஏறிக் கறுத்த விரலை அது வெண்மையாக்கிவிடுகின்றது. ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தம் படைப்புகளில் தேயிலைக் கறையையே கையாண்டமை இவ்விடத்து எண்ணத்தக்கது.

மற்றொரு குறையும் உண்டு. உடலினின்று பிரித்த கைக்குப் பெயரில்லை. தொழிலாளரைக் 'கைகள்' என்றே எண்ணும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. சிற்பியும் அறியாமல் அவ்வழக்கிற்கே துணைபோதல் கூடும். சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பெற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையிலே கைகள் பாறையைப் பெயர்க்கின்றன. செயலும் உடலும் உடனிருத்தலால் அவற்றிற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரொடான் 1908இற் செதுக்கிய 'தேவாலயம்' கைகளை மட்டுமே உடையது. ஆயினும் இரண்டும் வலக்கைகள். ஆகவே இருவர் கைகள். ஒருவரையொருவர் நாடுதலே அதன் பொருளாயிற்று.

மலையக மக்களுக்குப் பெயரின்மை வெறும் கலைக்குறையன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிற்பாடு பார்ப்பதாக விட்டது. அவர்கள் அங்குத் தொகைகளாகவே நின்றனர். தோட்டத்திலும் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே பெயர். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' விழும்.

ஆகவே, சாந்துக் கை சிறக்க வேண்டுமாயின் அது ஒருவருடைய கையாயிருத்தல் வேண்டும். தன் தொழிலைச் செய்துகொண்டிருத்தல் வேண்டும். இரக்கத்தை வேண்டி நில்லாதிருத்தல் வேண்டும். அம்மாணவி கடுஞ்சாயத் தேயிலையை வடித்து விரல்களிற் பூசினாள். சாந்து நீரை உறிஞ்சும் இயல்பினதாதலால் கறை உள்ளிறங்கி நிலைத்தது. பீடத்திலே தாயின் பெயரை முழுமையாக எழுதினாள். அக்கையின் கீழ் அரைப்பேர் இல்லை.