நெருள் கழியோரத்தில் வண்டல் பிடிக்கும் வேர்கள்

நவி மும்பையின் நெருளில் இருந்துகொண்டு பாம் பீச் சாலையைத் தாண்டிக் கழியோரம் போகாதவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஃபிளமிங்கோக்களுக்கு ரசிகர்கள் ஏராளம். நான் மயங்கிக் கிடப்பது அங்குள்ள சேற்றின் மீது. அதைப் பிடித்து வைத்திருக்கும் வெண்கண்டல் மரங்களின் மீது!

நெருளை ஒட்டிய தானே கழியில் ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் மாறும். அத்தனை நீரும் கலங்கலாகவே வருகிறது, வந்த வழியே திரும்புகிறது. வண்டலும் கூடவே போயிருக்க வேண்டுமே? அங்கேதான் மரத்தின் வேலை. ஒரே வெண்கண்டலுக்குப் பத்தாயிரம் மூச்சுவேர்கள்கூட இருக்கும், பென்சில்களை நட்டு வைத்தாற்போல. அவற்றுக்குள் புகுந்ததும் நீரின் வேகம் அடங்குகிறது. உப்புநீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட களித்துகள்கள் அங்கேயே படிகின்றன. அடுத்த ஓதம் கிளப்பப் பார்த்தால், மேலே பாசிப் படலமும் கீழே நுண்வேர்களும் விடுவதில்லை.

என்னை அசரவைப்பது இன்னொன்று. வெறும் சேற்றில் தனியாக முளைத்த கன்றைச் சுற்றி நீர் சுழன்று பள்ளம் பறிக்கும். அதே கன்றுகள் நெருக்கமாக நின்றால் மேடு எழும்பும். தனிச்செடி மண்ணை இழக்கிறது, கூட்டம் மண்ணைச் சேர்க்கிறது! ஆற்றின் கூழாங்கல் திட்டுகளிலும் இதே கதைதான். இத்தாலியின் தால்யமெந்தோ ஆற்றில், வெள்ளம் அடித்துவந்து போட்ட மரங்கள் திட்டில் கிடந்தபடியே துளிர்க்கின்றன. மணலையும் வண்டலையும் தம்மருகே சேர்த்துத் தீவாகவே வளர்ந்துவிடுகின்றன.

நவி மும்பையில் வண்டல் சேர்க்கும் இந்த வித்தை சங்கடமும் தந்திருக்கிறது. ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் மழைநீர் தங்குவதற்காக, நகரைத் திட்டமிட்டு உருவாக்கிய சிட்கோ நிறுவனம் பெரிய குளங்களை அமைத்தது. ஓதத்தோடு வண்டல் வந்தது, விதைகளும் வந்தன; முளைத்த மரங்கள் மேலும் வண்டலைச் சேர்த்தன. மும்பை உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பு இருப்பதால் மரங்களை நினைத்தபடி வெட்டித் தூர்வார முடியாது. மழைநீருக்கு இடம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழியோரக் காட்டில் கைவைக்கவே கூடாது. ஃபிளமிங்கோக்கள் மேய்வதற்குத் திறந்த சேற்றுவெளியும் மிஞ்ச வேண்டும். காடு முன்னேறினால் அது சுருங்கும். 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற தானே கழியில் காடு, சேற்றுவெளி இரண்டையும் காப்பது லேசான காரியமல்ல.

அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழு மணிவாக்கில் போங்கள், வற்றம் அப்போதுதான். வேர்களுக்கு இடையில் உள்ள சேற்றின் மட்டத்தை வெளிச்சேற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பகலுக்கு மீண்டும் போனால் அந்த இடமே நீருக்கடியில் இருக்கும். கரையில் நின்றே பாருங்கள், இறங்கினால் கால் புதைந்துவிடும்.