மற்றவர்களுக்கு விடுதலை என்றால் எனக்கும் விடுதலையா?

படப்பை பக்கம் ஒரு திருவிழாவில் அடிதடி நடந்ததாக வைத்துக்கொள்வோம். குற்றப்பத்திரிகையில் ஆறு பேர். ஐந்து பேர் வாய்தா தவறாமல் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஆறாவது ஆள் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். பிடிவாரண்ட் போட்டும் ஆள் கிடைக்கவில்லை. அவர் பெயரை மட்டும் பிரித்துத் தனி எண் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மீது விசாரணையை நடத்துகிறார்கள். சாட்சிகள் பிறழ்கிறார்கள், ஐவருக்கும் விடுதலை. சில வருஷம் கழித்து ஆறாவது ஆள் திரும்பி வந்து ஒரகடத்தில் வேலைக்கு முயற்சி செய்தால், போலீஸ் சரிபார்ப்பில் அவர் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாரும் போவது உயர் நீதிமன்ற ரத்து மனுவுக்குத்தான். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 482. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 528. மனுவின் சாரம் ஒரே வரிதான்: "அதே சம்பவம், அதே சாட்சி, அவங்களுக்கு விடுதலை. எனக்கு மட்டும் எதுக்கு விசாரணை?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனால் சட்டம் அவ்வளவு சுலபமாக ஆமாம் போடுவதில்லை. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, ஏற்கனவே விசாரிக்கப்பட்டவருக்குத்தான். நம்ம ஆள் இன்னும் ஒரு முறைகூட விசாரிக்கப்படவில்லை. உடன் எதிரிகளைத் தனி விசாரணையில் விடுதலை செய்த தீர்ப்பு இவர் வழக்கில் சாட்சியமாகாது என்று ராஜன் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஏ.டி.மைதீன் வழக்கில் (2021), ஒரே குற்றமானாலும் ஒரு விசாரணையில் பதிவான சாட்சியத்தை இன்னொரு விசாரணையில் இருக்கும் எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்தச் சாட்சியம் இவருக்கு எதிராகச் செல்லாது என்றால், கேடயமாக மட்டும் எப்படிச் செல்லும்?

விதிவிலக்கு இருக்கிறது. கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு, மூசா வழக்கில் (2006), உடன் எதிரியின் விடுதலை மட்டும் போதாது, வழக்கின் அடித்தளமே போயிருந்தால் ரத்து செய்யலாம் என்றது. அதற்கு நல்ல உதாரணம் பேட்மிண்டன் வீரர் சையது மோதி கொலை வழக்கு. 1988 ஜூலை 28-ல் லக்னோவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சதியின் மூளை என்று சிபிஐ சொன்னவரே விசாரணைக்கு முன்பே விடுவிக்கப்பட்டு, அது இறுதியும் ஆகிவிட்டது. கொலைக்கான நோக்கமே அவரிடம்தான் இருந்ததாகக் குற்றச்சாட்டு. அப்புறம் சதியில் உதவியதாகச் சொல்லப்பட்ட அகிலேஷ் சிங் மீது வழக்கைத் தொடர்வதில் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அச்சாணி கழன்ற வண்டி அது.

எனக்கு உறுத்துவது இதுதான். அந்த வழக்கில் 'பயனில்லை' என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. நம்ம ரத்து மனுக்களிலோ அந்தச் சொல்லே காரணமாக நிற்கிறது. விடுதலை என்பது ஒரே சரக்கு கிடையாது. சம்பவமே நடக்கவில்லை என்று கோர்ட் சொல்லியிருக்கலாம். அப்படியானால் ஆறாவது ஆளை இழுத்தடிப்பது கொடுமை. அந்த ஐவரை அடையாளம் காட்ட முடியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது ஆறாவது ஆளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது, சாட்சிகள் பிறழ்ந்த வழக்கு. இங்கே பயமா, பணமா, சமரசமா, உண்மையா என்று தீர்ப்பை மட்டும் படித்துச் சொல்ல முடியாது. அடிபட்டவரிடம் இந்த ஆளைப் பற்றி யாரும் கேட்டதுகூட இல்லை.

இன்னொன்று, விடுதலையே நிலைக்காமல் போகலாம். மதுரை தினகரன் அலுவலகத் தாக்குதலில் 2007 மே 9 அன்று மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 2009-ல் 17 பேருக்கும் விடுதலை. 2019-ல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நடுவில் யாராவது அந்த விடுதலையைக் காட்டி ரத்து வாங்கியிருந்தால்?

மறுபக்கமும் பலமானதுதான். ஒரே சாட்சி, ஒரே பங்கு என்றால் ஒருவரைத் தண்டித்து இன்னொருவரை விடக் கூடாது என்று ஜாவேத் ஷௌகத் அலி குரேஷி வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பு மனு தள்ளுபடியானவருக்குக்கூட அந்தப் பலனைக் கொடுத்தது. ஆனால் அது சாட்சியம் முழுக்கப் பதிவான பிறகு எடுத்த முடிவு. விசாரணையே நடக்காத இடத்தில் அதை அப்படியே ஒட்ட முடியாது.

அதனால் ரத்து உத்தரவு ஒவ்வொன்றும் மூன்று கேள்விக்காவது பதில் எழுத வேண்டும். எதனால் விடுதலை? மேல்முறையீடு இருக்கிறதா? இவர் ஓடி ஒளிந்தாரா, சம்மனே கிடைக்காதவரா? அடித்தளம் போயிருந்தால் ரத்து. இல்லையென்றால், ஆறு மாதம் என்று கெடு வைத்து விசாரணையை முடிக்கச் சொல்லலாம். குவைத்திலிருந்து வந்தவருக்கும் சீக்கிரம் விடிவு. அடிபட்டவருக்கும் ஒரு முறையாவது கோர்ட்டில் அந்த ஆளைப் பார்த்துச் சொல்ல வாய்ப்பு.