கழலாத சட்டையும் அவசரக் கைகளும்

வேலியோர முள்ளிலோ கிணற்றடிக் கல்லிடுக்கிலோ முழுசாகக் கிடக்கும் பாம்புச் சட்டையைக் கிராமத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். வாயோரத்திலிருந்து வால்நுனி வரை கிழியாமல், கண்ணின் மேலிருந்த செதில்கூட இரண்டு சிறு வட்டங்களாகத் தெரியும்படி கிடக்கும். அந்தப் பாம்புக்கு யாரும் கை கொடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வளரும் பாம்புக்குத்தான் அடிக்கடி உதவி தேவைப்படுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற பாம்புகளை வீட்டில் வளர்ப்பவர்கள் ஏராளம். சட்டை ஒரே துண்டாகக் கழலாமல் திட்டுத்திட்டாக உடம்பில் ஒட்டிக்கொள்வது அவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. பாம்பை வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது, ஈரத் துண்டுக்குள் நெளிய விடுவது, மிச்சத்தை விரலால் உரித்தெடுப்பது என்று அதற்கு ஒரு வைத்தியமும் அவர்களிடம் நிலைத்துவிட்டது. இந்த வழக்கத்தை அப்படியே ஏற்கவும் முடியாது, அப்படியே தள்ளவும் முடியாது. அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதே அக்கறை சில நேரம் பாம்பின் கண்ணைப் பறித்துவிடுகிறது.

முதலில் சட்டை எப்படிக் கழல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம்முடைய மேல்தோல் நாள்தோறும் பொடிப்பொடியாக உதிர்கிறது. பாம்புக்கு அப்படி இல்லை. பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முழுவதுமாக உருவான பிறகே பழையது ஒரே வீச்சில் விலகும். மேடர்சன் என்ற விலங்கியலாளர் 1960களில் இந்தச் சுழற்சியை ஆறு கட்டங்களாகப் பிரித்து விளக்கினார். புதுத்தோல் உருவாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அப்போது பாம்பின் நிறம் மங்கும். கண்ணில் பால் கலந்ததுபோல ஒரு நீலம் படரும். பழைய தோலுக்கும் புதியதற்கும் இடையில் திரவம் ஊறி இரண்டையும் பிரிப்பதால் வரும் மங்கல் அது. சில நாளில் கண் மறுபடி தெளியும். சட்டை கழலாமலே கண் தெளிந்துவிட்டதே என்று புதிதாக வளர்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். கண் தெளிந்து சில நாள் கழித்துத்தான் பாம்பு மூக்கைச் சொரசொரப்பான எதிலாவது தேய்த்து, உதட்டோரத்தில் தோலைப் பிளந்து, காலுறையை உள்வெளியாகத் திருப்பிக் கழற்றுவதுபோல முழுச்சட்டையையும் விட்டு வெளியே வரும்.

இதில் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. தோல்கள் பிரிவதற்கு வேண்டிய ஈரம் பாம்பின் உடலுக்குள்ளிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் அந்த இரண்டு வாரத்தில் கிடைத்திருக்க வேண்டும். சட்டை கிழிந்து ஒட்டியபின் நாம் கொண்டுவரும் நீர் தாமதமாக வந்த நீர். ஊறவைக்கும் வைத்தியத்தின் பலமும் பலவீனமும் இந்தத் தாமதத்திலிருந்துதான் பிறக்கின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊறவைப்பது பெரும்பாலும் பலன் தருகிறது. 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூட்டில், பாம்பின் உடல் தடிமனில் பாதி உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றி, மூடியில் காற்றுத்துளை உள்ள பெட்டியில் இருபது முப்பது நிமிடம் விட்டால் காய்ந்த தோல் நெகிழ்கிறது. நா வறண்ட பாம்பு அந்த நீரையே குடிக்கவும் செய்யும். தோல் நனைவதைவிட இந்தக் குடிப்பு பெரிய நன்மை என்றே சொல்வேன். பிறகு ஈரத் துண்டை அதன்மேல் தளர்வாகப் போட்டு, மடிப்புகளுக்குள் அதுவாகவே ஊர்ந்து போக விட்டால், நெகிழ்ந்த தோல் துணியில் உரசித் தானே கழன்றுவிடும். இழுப்பதும் நிறுத்துவதும் பாம்பின் கையில் இருப்பதால் ஈரத் துண்டு முறையை நான் விரல்களுக்கு மேலாக மதிக்கிறேன். செலவும் இல்லை. கவனமாகச் செய்தால் காயமும் இல்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நீர் ஆறிப்போனால் பாம்பின் உடலும் குளிர்ந்துவிடும். தன் உடலுக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி அது. ஆழம் கூடினால், ஆளில்லாமல் விட்டால் மூழ்கிச் சாகவும் கூடும். ஊறும்போது நீரிலேயே கழிந்துவிட்டு அதையே குடிக்கும் பாம்புகளும் உண்டு. கூச்சமுள்ள பால் பைத்தானோ பயந்தால் தலையை நடுவில் ஒளித்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், பந்து என்று பொருள்படும் ‘பால்’ என்ற ஆங்கிலப் பெயர் அதற்கு வந்ததே அதனால்தான். அதைப் பிடித்து நீரில் விட்டு, எடுத்து, தேய்த்து, மறுநாளும் அதையே செய்தால் வாரக்கணக்கில் இரை எடுக்காமல் இருந்துவிடும். இவை எல்லாமே எச்சரிக்கையால் தவிர்க்கக்கூடியவை. எச்சரிக்கையால் தவிர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. ஊறவைத்து உரித்தவுடன் பாம்பு பளபளவென்று அழகாகிவிடுகிறது. பெட்டியில் ஏதோ சரியில்லை என்று காட்டிய அடையாளம் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. அடுத்த சட்டைக்கும் அதே நீர், அதே துண்டு. இப்படி வருடக்கணக்கில் ஊறவைத்தே காலம் தள்ளும் வீடுகளில் பாம்பு எப்போதும் அரைத் தாகத்தோடுதான் வாழ்கிறது.

கடைகளில் விற்கும் தோல் நெகிழ்த்தும் தெளிப்பான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றால் ஆகிற வேலையை வெறும் நீரே செய்யும்.

கண் விஷயத்தில் நிற்க வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. கருவிலேயே ஒன்றுசேர்ந்துவிட்ட ஒளிபுகும் செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கிறது. அதன் மேலடுக்கு ஒவ்வொரு முறையும் சட்டையோடு போகும், கீழடுக்கு நிலையாக இருக்கும். அதற்கும் அடியில் கண்ணீர் நிறைந்த ஒரு மெல்லிய இடைவெளி, அதன் கீழேதான் விழி. சட்டை சரியாகக் கழலாதபோது பழைய மேலடுக்கு கண்ணிலேயே தங்கிவிடுவதுண்டு. அதை எடுக்க ஒட்டும் நாடாவை அழுத்தி இழுக்கலாம், இடுக்கியின் நுனியால் கிளப்பலாம் என்ற யோசனைகள் வளர்ப்பவர்களிடையே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவற்றை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பழைய அடுக்குக்கும் நிலையான செதிலுக்கும் இடையிலுள்ள தடிப்பு வேறுபாட்டை வெறுங்கண்ணால் காண முடியாது. நிலையான செதில் கிழிந்தால் விழி காற்றுக்குத் திறந்து காய்ந்துபோகும், புண்ணாகும், கடைசியில் கண்ணையே எடுக்க வேண்டிவரும். பழைய அடுக்கு ஒன்று தங்கியதால் வரும் தீங்கோ அடுத்த சட்டை வரை கொஞ்சம் மங்கலாகத் தெரிவது, அவ்வளவுதான். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு அதுவும் போய்விடும். இரண்டு தீங்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எவரும் இடுக்கியை எடுக்க மாட்டார்கள்.

அதைவிட மோசமான சாத்தியமும் உண்டு. கண்ணில் தெரிவது தங்கிய தோலாகவே இல்லாமல் இருக்கலாம். உடலில் நீர் வற்றினால் செதில் குழிந்து சுருங்கியதுபோலத் தோன்றும். பாம்பின் கண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாக வாய்க்குள் இறங்குகிறது. வாயில் புண் வந்தால் கிருமி அதே வழியில் மேலேறி, செதிலுக்கு அடியில் சீழ் கட்டும். அந்த மங்கலையும் வீக்கத்தையும் பழைய தோல் என்று நினைத்து உரிக்கப் போகிறவர் நோயுள்ள கண்ணைக் கிழிக்கிறார். சந்தேகம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கழன்ற சட்டையை. தலைப்பகுதியை நீரில் நனைத்து மெல்ல விரித்தால் இரண்டு கண்வட்டங்களும் அதிலேயே இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இருந்தால் கண்ணில் தங்கியது எதுவுமில்லை, மங்கலுக்குக் காரணம் வேறு. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் சட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கண்ணைச் சுரண்டுவது எனக்குப் பெரிய வருத்தம் தரும் காரியம்.

இதற்கு நேர் எதிராக வால்நுனியில் நான் தலையீட்டின் பக்கம் நிற்கிறேன். எதையும் தொடாதே, அடுத்த சட்டையில் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குப் பொருந்தும் இந்தப் பொறுமை வாலுக்குப் பொருந்தாது. வால்நுனியில் தங்கிய தோல் காய்ந்து வளையமாக இறுகும். அடுத்த முறை அதன்மேல் இன்னொரு வளையம் சேரும். வளரும் பாம்பில் இந்த வளையங்கள் இரத்த ஓட்டத்தை நெரித்து நுனியைச் சாகடித்துவிடும். நுனி கறுத்து விறைத்திருந்தால் அது மருத்துவர் கத்தி வைக்க வேண்டிய நிலை. அதற்கு முன்பே, வெதுவெதுப்பான நீரில் நனைத்த காஸ் துணியால் வாலைச் சில நிமிடம் சுற்றிப் பிடித்து, தலையிலிருந்து வாலை நோக்கிய திசையில் மட்டும் மெல்ல உருட்டினால் வளையம் வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் செதிலும் சேர்ந்து பெயரும்.

இனி மூலகாரணம். பால் பைத்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளி நாட்டுப் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகச் சந்தைக்கு அது பெருமளவில் போனது. புல்வெளி என்றதும் வறண்ட நிலம் என்று எடுத்துக்கொண்டு, ஈரப்பதம் ஐம்பது விழுக்காடு இருந்தால் போதும் என்று பழைய வளர்ப்பு முறைகள் சொல்லின. ஆனால் அந்தப் பாம்பு பகலில் திறந்தவெளியில் கிடப்பதில்லை. எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கியிருக்கிறது. வளைக்குள் இருக்கும் காற்று மேலே வீசும் காற்றைவிட ஈரமானது, மாறுதல் குறைந்தது. வானிலை அறிக்கையின் சராசரியைப் பார்த்துப் பெட்டி அமைத்தவர்கள் பாம்பு உண்மையில் வாழ்ந்த இடத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். இப்போது 60 முதல் 80 விழுக்காடு வரை பரிந்துரைக்கிறார்கள்.

வட அமெரிக்கக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி ஓடும்போது உள்ளே ஈரப்பதம் முப்பதுக்கும் கீழே இறங்கிவிடும். பெட்டியின் மேலே கம்பிவலை மூடி, அதற்கும் மேலே சூட்டு விளக்கு என்றால் இருக்கிற ஈரமும் அந்த வழியே போய்விடும். சுவரின் உச்சியில் ஒட்டிய முள் வைத்த மலிவான ஈரப்பதமானி, தரையில் கிடக்கும் பாம்பு சுவாசிக்கும் காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஈரத்துக்கு நல்ல வழி ஈரப் பொந்து. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பிழிந்த ஸ்பேக்னம் பாசியை உள்ளே நிரப்பி, பெட்டியின் சூடான பக்கத்தில் வைப்பது. கண் மங்கத் தொடங்கும்போதே பாம்பு அதற்குள் போய்விடும், போதும் என்றால் வெளியே வந்துவிடும். எப்போது, எவ்வளவு என்ற முடிவு அதனுடையது. நீர்த்தொட்டியில் பிடித்து வைப்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். பாசியை மாற்றாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பது இதன் குறை. இன்னொரு கோளாறும் உண்டு. ஒருமுறை சட்டை ஒட்டியதில் பயந்துபோய்ப் பெட்டி முழுவதும் தண்ணீர் தெளித்துத் தரையைச் சேறாக்கிவிடுகிறவர்களின் பாம்புகளுக்கு வயிற்றுச் செதிலில் கொப்புளம் வருகிறது, காற்றோட்டம் குறைந்தால் நுரையீரலில் தொற்றும் வருகிறது. காற்று ஈரமாக இருக்க வேண்டும், படுக்கை நனைந்திருக்கக் கூடாது.

ஈரப்பதம் சரியாக இருந்தும் சட்டை தொடர்ந்து துண்டாகக் கழன்றால் அது நோயின் குறி. செதில்களின் இடுக்கிலும் கண்விளிம்பிலும் ஒளிந்து இரத்தம் குடிக்கும் உண்ணிகள், பழைய தீக்காயத் தழும்பு, மெலிவு, உள்ளுறுப்புக் கோளாறு என்று எதுவாகவும் இருக்கலாம். உரிக்கும் கைகளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது சட்டத்தை விட்டுவிட முடியாது. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகள் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் 2022 சட்டத் திருத்தத்தையும் 2024 விதிகளையும் பின்பற்றிப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. பிடிபடாமல் வந்து சேரும் பாம்பு பயணத்திலேயே நீர் வற்றியிருக்கும். இங்கே அது குளிரூட்டிய அறையில் வைக்கப்பட்டால், கடலோரக் காற்றின் ஈரமும் அதற்குக் கிடைக்காது. சட்டை ஒட்டும். கணக்கில் இல்லாத பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்குகிறவர் தானே இடுக்கியை எடுப்பார் என்பதுதான் என் அச்சம். வளர்ப்பதானால் சட்டப்படி வாங்குங்கள், பதிவு செய்யுங்கள், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாம்பு வருவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் எது ஒட்டியிருந்தாலும் அவரைத் தவிர வேறு யாரும், நீங்களும்கூட, அதில் கை வைக்க வேண்டாம்.