அரண்மனைச் சூதும் ஆடுகளமும்
யாழ்ப்பாணத்து வரலாற்று அவல நாடக மரபுகள்

டென்மார்க் இளவரசன் ஹம்லெற்றைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடையில் ஏற்றினார். கதை பலரும் அறிந்தது. தம்பி அண்ணனுக்கு நஞ்சு வைத்து முடி சூடுகிறான். முறைப்படி முடிக்குரிய இளவரசன் அப்போது ஊரில் இல்லை. படிப்புக்காகப் பிறதேசம் போயிருக்கிறான். அரண்மனைக்குள் எல்லாரும் மாய்ந்தபின், படையோடு வந்த அயல்நாட்டான் ஒருவன் நாட்டை எடுத்துக்கொள்கிறான்.

மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், ஏறத்தாழ 1736இல், எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இதே அடுக்கு உண்டு. பரராசசேகரனின் பட்டத்து மகன் சிங்கவாகு நஞ்சூட்டப்பட்டு இறக்கிறான். அடுத்தவன் பண்டாரம் வாளுக்கு இரையாகிறான். வைத்தியத்தில் வல்லவனான பரநிருபசிங்கன் கண்டி அரண்மனையில் நோய் தீர்க்கப் போயிருந்த வேளையில், மாற்றாந்தாய் மகன் சங்கிலி முடியைக் கைப்பற்றுகிறான். கடைசியில் பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயர் வருகிறார்கள்.

இது யார் யாரிடம் வாங்கிய கதை என்று துருவ வேண்டியதில்லை. அரசுரிமைச் சண்டை எந்த நாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும். நமக்கு வேண்டியது வேறு. இப்படியான கதையை நம் களரி, அதாவது கூத்தாடும் களம், எப்படிச் சொன்னது? எதை முன்னால் காட்டியது, எதை ஒளித்தது, யார்மேல் பழி போட்டது? யாழ்ப்பாணத்து நாடகப் பள்ளிகளை இந்தக் கேள்விகளோடு பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

கதைகளின் ஊற்று

நம் வரலாற்று அவல நாடகங்களுக்குப் பெரும்பாலும் நான்கு கதைகளே மூலம்.

முதலாவது சங்கிலி. வரலாற்றில் இப்பெயரில் இருவர் உள்ளனர். மன்னாரில் 1544இல் கிறிஸ்தவரைக் கொல்வித்தவன் ஒருவன். 1619இல் பிலிப் டி ஒலிவேராவிடம் பிடிபட்டுக் கோவாவில் மரண தண்டனை பெற்றவன் மற்றவன். வைபவமாலை இருவரையும் ஒருவராகப் பிணைத்துவிட்டது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' போன்ற நூல்கள் இந்தச் சிக்கலை எடுத்துப் பேசின. மேடை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 

இரண்டாவது பூதத்தம்பி. 1658இல் கோட்டையைப் பிடித்த உடனேயே ஒல்லாந்தருக்கு எதிராகச் சதி எழுந்ததும் பலர் தண்டிக்கப்பட்டதும் வரலாறு. அதிலிருந்து முளைத்த கதை இது: பூதத்தம்பி முதலியாரின் மனைவி அழகவல்லிமேல் ஆசை வைத்த அந்திராசி என்பவன், அவளிடம் அவமானப்பட்டு, கணவனைத் துரோகியாகக் காட்டித் தலை வாங்குகிறான்.

மூன்றாவது கண்டி அரசன். 1798இல் அரியணை ஏறிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனும் அவன் அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் வேட்டையாடிய கதை. அது 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் முடிந்தது. நான்காவது பண்டாரவன்னியன். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்து, அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோல்வி கண்ட வன்னி மன்னன்.

இவற்றோடு கத்தோலிக்கக் கரையோரத்தின் ஐரோப்பிய அரசர்களையும் சேர்க்க வேண்டும். மாதோட்டத்து 'எண்டிறீக்கு எம்பரதோர்' நாடகத்தின் பெயரிலேயே போர்த்துக்கேய வாடை வீசுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை 1964இல் பதிப்பித்தார். ஞானசௌந்தரி, ஜெனோவா என்று நீளும் இந்த வரிசையால், ஐரோப்பியப் பிரபுக்களின் அரண்மனைச் சண்டை நம் மீனவக் கிராமங்களுக்கு ஆங்கிலக் கல்வி வருமுன்பே பழக்கமாகியிருந்தது.

களரியில் இரகசியம் இல்லை

கூத்துப் பள்ளியை வடமோடி, தென்மோடி என்று பிரிப்பது வழக்கம். பொதுவாக, வடமோடி போரிலும் சாவிலும் முடியும். தென்மோடி காதலையும் கூடலையும் விரும்பும். குடாநாட்டில் கத்தோலிக்கக் கிராமங்கள் தென்மோடியை வளர்த்தன. வட்டுக்கோட்டைப் பக்கம் தனக்கென ஒரு மோடி வைத்திருந்தது. வாளபிமன் நாடகம் முதலியவற்றைப் பாடியவராகச் சொல்லப்படும் 18ஆம் நூற்றாண்டுக் கணபதி ஐயர் அந்த ஊரவர். காத்தவராயன் கதையை ஆடும் சிந்துநடைக் கூத்து தனி வகை.

மோடி எதுவானாலும் அரசன் களரிக்கு வரும் முறை ஒன்றுதான். முதலில் அரசன் வருவதை அறிவிக்கும் கட்டியகாரன். பிறகு வரவுத் தரு என்னும் நுழைவுப் பாட்டு. அரசன் தன் பெயரையும் குலத்தையும் ஆட்சிச் சிறப்பையும் தானே பாடி ஆடி, கொலுவில் அமர்வான். எம்பரதோராக இருந்தாலும் தருமபுத்திரனாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. சூழ்ச்சிக்காரனுக்கும் அதே உரிமை உண்டு. அவனும் வரவோடுதான் வருவான்; தன் எண்ணத்தைச் சபையறியப் பாடுவான். நஞ்சு யார் கையில் இருக்கிறது என்று கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் அறிவார், பிற்பாட்டுக்காரர் அறிவார், பாயில் குந்தியிருக்கும் கிழவியும் அறிவாள். அறியாதவன் சாகப்போகிறவன் ஒருவனே.

இதற்கு ஆடுகளத்தின் அமைப்பும் ஒரு காரணம். வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம். அங்கே ஒளிய இடமில்லை. ஹம்லெற் கதையில் கிழ அமைச்சன் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக் குத்துப்பட்டுச் சாகிறான். வட்டக்களரியில் அந்தக் காட்சியை அமைக்கவே முடியாது. சீலை தொங்கவிட இடமும் இல்லை, மறைந்து நிற்க மூலையும் இல்லை. ஆகவே நம் கூத்து 'கொன்றவன் யார்' என்று கேட்கவில்லை. 'தெரிந்தும் தடுக்க முடியவில்லையே' என்ற தவிப்பையே விடியவிடியப் பிழிந்து எடுத்தது.

பூதத்தம்பி கதையின் உயிர்க்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்திராசி ஒரு வெற்றுத்தாளை நீட்டுகிறான். ஏதோ அரச காரியத்துக்கு வேண்டும், எழுதுவதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கிறான். முதலியார் நம்பிக் கையெழுத்து வைக்கிறார். அந்தத் தாளில் பிறகு எழுதப்படுவது பறங்கியருக்கு அனுப்பும் துரோகக் கடிதம். நடிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? ஒரு தாள், ஓர் எழுதுகோல், இரண்டு பேர். ஆனால் சபை எல்லாம் அறிந்திருப்பதால், முதலியார் கை தாளை நோக்கிப் போகும் அந்த நேரம் முழுக்க நாடகம். தேர்ந்த அண்ணாவியார் இந்த இடத்தில் தருவை ஓட விடமாட்டார். விருத்தத்தை இழுத்து நிறுத்துவார். கைதேறாதவர் உடனே மத்தளத்தை முழக்கிக் காட்சியைக் கெடுத்துவிடுவார்.

இரவு முழுதும் நடக்கும் கூத்தில் ஒரே அரச வேடத்தை இரண்டு மூன்று பேர் பகுதி பகுதியாக ஆடுவதும் உண்டு. முதற் சங்கிலி இளமைத் துடிப்போடு வருவான். கடைசிச் சங்கிலி, தோற்றவனாக, வேறு குரலோடு வருவான். ஆட்களின் களைப்புக்காகச் செய்த ஏற்பாடு அவலத்துக்கும் துணை செய்தது: அதிகாரம் ஒருவனை எவ்வளவு மாற்றிவிடும் என்பதைச் சபை கண்ணால் கண்டது.

ஆர்மோனியமும் முன்திரையும்

தமிழக நாடகக் கொம்பனிகளின் வழிவந்த இசைநாடகம் குடாநாட்டில் தனி வேர் பிடித்தது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்க்காத ஊர் அந்நாளில் அரிது. அரிச்சந்திரன் புராண அரசன்தான். ஆயினும் முடியிழந்த மன்னன் எப்படி நிற்பான், எப்படிப் பாடுவான் என்பதற்கு நம்மவர்க்கு இலக்கணம் வகுத்தவர் வைரமுத்து. இங்கும் விசுவாமித்திரரின் சூது தொடக்கத்திலேயே அம்பலம். மேடையில் முன்திரை வந்துவிட்டது. கதை சொல்லும் முறை பழையபடியே இருந்தது.

அந்த முறை மாறியது சபா நாடகத்தில். பம்மலைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம், 1913இல் கொழும்பில் தோன்றிய லங்கா சுபோத விலாச சபையின் வழியாக, ஒத்திகை ஒழுங்கையும் நேரக் கட்டுப்பாட்டையும் இயல்பான நடிப்பையும் வலியுறுத்தினார். ஷேக்ஸ்பியர் தழுவல்களும் இந்தப் பள்ளியோடு வந்தவையே. கதாபாத்திரம் மனதுக்குள் ஒன்று வைத்து வாயால் ஒன்று பேசலாம் என்பதை நம் மேடை கற்றுக்கொண்டது இங்கேதான். அது பெரிய இலாபம். நட்டமும் உண்டு: பாட்டு ஒதுங்கியபோது சபையின் கூட்டுப் புலம்பலும் சேர்ந்து ஒதுங்கியது.

பல்கலைக்கழகப் பள்ளி கூத்தின் பாட்டையும் சபா நாடகத்தின் உள்மனத்தையும் இணைக்கப் பார்த்தது. 'நானாடகம்' முதலான தொகுதிகளில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை மேடைக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. அவர் 1956இல் 'சங்கிலி' எழுதியபோது செந்தமிழுக்குத் திரும்பினார். அரசன் எந்தத் தமிழ் பேச வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் அது. வரலாற்று நாடகத்தில் இன்றும் நம் எழுத்தாளர்கள் அந்தப் பதிலைவிட்டு அதிகம் விலகவில்லை. 1960களில் வித்தியானந்தன் இரவு முழுவதும் ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' அந்தச் சுருக்கத்தின் பெரும்பேறு. தன் பிழையாலேயே வீழும் பெருவீரனை, பிழையை மறைக்காமல், மதிப்பும் குறையாமல் காட்டலாம் என்று அது மெய்ப்பித்தது.

காக்கைவன்னியன் என்னும் வேடம்

நம் மரபின் பொது வில்லனுக்கு வருவோம். வைபவமாலையில் சங்கிலியைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுப்பவன் காக்கைவன்னியன். பண்டாரவன்னியன் நாடகங்களில் வெள்ளையருக்குக் காட்டிக்கொடுப்பவனும் காக்கைவன்னியனே. இரண்டு கதைகளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. மேடைக்கு அது பொருட்டல்ல. கட்டியகாரன் எப்படி எல்லா அரசர்க்கும் பொதுவோ, காக்கைவன்னியன் அப்படி எல்லா வீழ்ச்சிகளுக்கும் பொதுவாகிவிட்டான்.

இந்த வழக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எவர் வந்தாலும் நம் கதைகளில் அவர்கள் வாள் பிடிக்கும் கைகள் மட்டுமே. சூது வீட்டுக்குள்ளேதான் பிறக்கிறது. கண்டிக் கதையிலும் அரசனை ஏற்றிவைத்த பிலிமத்தலாவை அரசனாலேயே கொல்லப்படுகிறான். இன்னோர் அதிகாரியான எகலப்பொல ஆங்கிலேயரிடம் ஓடுகிறான். இப்படித் தன்னைத்தானே குற்றக்கூண்டில் நிறுத்தும் மரபு இலேசானதல்ல.

ஆனால் பழி முழுவதும் ஒரே ஆள்மேல் விழும்போது மற்ற எல்லாரும் கழுவித் துடைத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். சங்கிலியின் கதையில் இது மிகத் தெளிவு. நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளேந்திச் சிலையாக நிற்பவனைக் காவிய நாயகனாக ஆடும்போது, சிங்கவாகுவுக்கு வைத்த நஞ்சு மெல்லக் காணாமற் போகிறது. பண்டாரத்தின் கொலை ஒரு வசனமாகக் குறுகுகிறது. மிஞ்சுவது வீரன் ஒருவன், துரோகி ஒருவன். அது வீரகதை, அவலம் அங்கே இல்லை.

உரைத்துப் பார்க்கும் அளவுகோல்

ஆகவே வரலாற்று அவல நாடகம் ஒன்றைச் சீர்தூக்க நான் மூன்று கேள்விகளை முன்வைப்பேன்.

ஒன்று: வீழ்பவனின் குற்றம் களரியில் நடக்கிறதா, செய்தியாக மட்டும் வருகிறதா? சங்கிலி நஞ்சூட்டும் காட்சி மேடையில் இருந்தால்தான் அவன் பிடிபடும் காட்சிக்குக் கனம் வரும்.

இரண்டு: சூழ்ச்சிக்காரனுக்கு முழு வரவு கிடைக்கிறதா? பழைய கூத்து அந்திராசிக்கும் ஆடிப் பாடி வர இடம் கொடுத்தது. வந்தவுடன் மீசை முறுக்கிச் சிரிக்கும் துரோகி, சபையின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறான்.

மூன்று: புலம்பல் கதையோடு நிற்கிறதா? கண்டி அரசன் கூத்தில் இதற்குக் கடும் சோதனை உண்டு. எகலப்பொலவின் பிள்ளைகள் வெட்டப்படுகிறார்கள். அவர்களின் தலையை உரலில் இடிக்கும்படி தாய்க்குக் கட்டளை. அண்ணன் தயங்கி நிற்க, இளையவன் முன்வந்து கழுத்தை நீட்டியதாகச் சொல்வார்கள். இங்கே கண்ணீர் வரவழைப்பது மிகச் சுலபம். ஆனால் அந்தத் தாயின் ஒப்பாரி இரண்டு பேரைக் குறிவைக்க வேண்டும்: கட்டளையிட்ட அரசனையும், பிள்ளைகளை விட்டுவிட்டுத் தப்பி ஓடிய கணவனையும். அரசனை மட்டும் சபித்து முடியும் ஒப்பாரி பாதி ஒப்பாரி.

இந்த மூன்றும் கைகூடும் கதை ஒன்று நம்மிடம் இன்னும் முழுதாகக் கையாளப்படாமல் கிடக்கிறது. கண்டியிலிருந்து திரும்பும் பரநிருபசிங்கனின் கதை. உடன்பிறந்தார் இருவர் இறந்துவிட்டனர், முடி போய்விட்டது. சங்கிலி ஏழூர் அதிகாரத்தைக் கொடுத்து அவனைச் சமாதானப்படுத்துகிறான். அவனும் வாங்கிக்கொள்கிறான். பிறகு காக்கைவன்னியனோடு சேர்ந்து பறங்கியருக்குச் சேதி அனுப்புகிறான். நியாயம் அவன் பக்கம். அவன் செய்த காரியமோ நாட்டையே விற்றது. நம் மேடைகளில் அவனுக்குப் பெரும்பாலும் துணைவேடம்தான். அவனை நடுவில் நிறுத்தி எழுதப் புகுபவருக்கு வடமோடியின் போரும், தென்மோடியின் இசையும், சபா நாடகம் கற்றுத்தந்த உள்மனமும் ஆகிய மூன்றும் வேண்டியிருக்கும். அந்த மூன்றும் நம் அண்ணாவிமாரிடமும் நாடகக்காரரிடமும் இன்றைக்கும் உண்டு. ஏடு தொடங்குவதுதான் பாக்கி.